எருமை வேட்டைக்கு .375-ஆ, .416-ஆ, .458-ஆ? தோளைக் கேட்டு முடிவு செய்யுங்கள்

ஆப்பிரிக்காவில் கேப் எருமை வேட்டைக்குப் போக முடிவு செய்தவருக்கு அடுத்து வரும் தலைவலி, எந்த ரைஃபிளை எடுத்துக்கொண்டு போவது என்பது. வளர்ந்த ஆண் எருமை 600 முதல் 800 கிலோ வரை இருக்கும். குண்டு சரியான இடத்தில் படாமல் அது புதருக்குள் போய்விட்டால், தேடி வருகிறவர் மீது பாய்வதற்குக் காத்திருக்கும் என்று அங்குள்ளவர்கள் எச்சரிப்பார்கள். அந்த விலங்கை நினைத்தால் கடையில் இருப்பதிலேயே பெரிய ரைஃபிளை வாங்கத் தோன்றும். அதையே தோளில் வைத்து நான்கு தோட்டா சுட்டுவிட்டு வந்தால் அந்த ஆசை பாதி இறங்கிவிடும்.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தக் கேள்விக்கே வேலை இல்லை. தென்னாப்பிரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ குடியேறி, முறையாக உரிமம் வைத்திருக்கும் நம்மவர்கள் சிலருக்குத்தான் இது நிஜமான முடிவு. மற்றவர்களுக்கு, துப்பாக்கி ஏன் இப்படி உதைக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆர்வம். இரண்டு பேரையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் யானை, எருமை போன்ற ஆபத்தான விலங்குகளுக்கு .375 காலிபர்தான் கீழ்வரம்பு (காலிபர் என்பது ஏறத்தாழ குண்டின் விட்டம், அங்குலத்தில்). சில நாடுகளில் குண்டின் ஆற்றலை ஜூலில் சொல்லி வரம்பு வைத்திருக்கிறார்கள். அதனால் போட்டி .375-இல் தொடங்கி .416, .458, .470 என்று மேலே போகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாழ்க்கையில் ஒன்றிரண்டு முறை போகிறவருக்கு .375 போதும். .416 வேண்டுமென்றால் பயணத்துக்குப் பல மாதங்கள் முன்பே வாங்கிப் பழக வேண்டும். அதற்கு மேலே உள்ளவை, பாய்ந்து வரும் விலங்கை நிறுத்துவதையே பிழைப்பாக வைத்திருப்பவர்களுக்கு.

உதை எங்கிருந்து வருகிறது

குண்டு முன்னால் போகும்போது அதே அளவு உந்தம் துப்பாக்கியைப் பின்னால் தள்ளுகிறது. இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் பலரும் மறந்துவிடுகிற ஒன்று உண்டு: குண்டு மட்டும் வெளியே போவதில்லை, எரிந்த வெடிமருந்தும் வாயுவாக வெளியே போகிறது. அதுவும் குண்டைவிட வேகமாக. வழக்கமான கணக்கில் அந்த வாயுவின் வேகத்தைக் குண்டின் வேகத்தைப் போல 1.75 மடங்கு என்று எடுத்துக்கொள்வார்கள். பெரிய தோட்டாக்களில் மொத்த உதையில் கால்பங்கோ அதற்குச் சற்று மேலோ இந்த வாயுவின் வேலைதான்.

அப்புறம் துப்பாக்கியின் எடை. அதே தோட்டாவை இரண்டு மடங்கு எடையுள்ள துப்பாக்கியில் போட்டுச் சுட்டால், துப்பாக்கி பின்னால் வரும் வேகம் பாதியாகும், உதையின் ஆற்றலும் பாதியாகும். ஆனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வெயிலில் நடந்து தடம் பார்த்துப் போகிற வேட்டை இது. எட்டுக் கிலோ இரும்பை யார் சுமப்பது?

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமே. நம் ஊர்ப் போலீஸ்காரர்கள் பல ஆண்டுகள் தூக்கித் திரிந்த .303 ரைஃபிளை எடுத்துக்கொள்வோம். நாலு கிலோ எடையில் அதன் உதை சுமார் 16 அல்லது 17 ஜூல். முதன்முதலாகச் சுடுகிறவருக்கு அதுவே தோளில் நினைவு வைக்கும்படி இருக்கும். அமெரிக்காவில் மான் வேட்டைக்கு மிகவும் பழக்கமான .30-06, 3.6 கிலோ ரைஃபிளில் 30 ஜூல். தொடர்ந்து சுடுகிறவர்கள் பலருக்கும் வசதியாக இருக்கும் எல்லை கிட்டத்தட்ட இங்கேதான் முடிகிறது. எருமை ரைஃபிள்கள் இதற்கு மேலேதான் தொடங்குகின்றன.

கீழே வரும் எண்களெல்லாம் இதே முறையில், வழக்கமான குண்டு, வழக்கமான எடை என்று வைத்து நான் போட்ட கணக்கு. தோட்டாவும் துப்பாக்கியும் மாறினால் ஐந்து பத்து ஜூல் இப்படி அப்படி ஆகும்.

.375 எச் அண்ட் எச்: எல்லாரும் சொல்வது, காரணத்தோடுதான்

1912-இல் லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் வெளியிட்ட தோட்டா. 19.4 கிராம் குண்டு விநாடிக்கு 770 மீட்டர் வேகத்தில் போகும். ஸ்கோப்போடு சேர்த்து 4.3 கிலோ ரைஃபிளில் உதை 55 ஜூல். அதாவது .303-ஐப் போல மூன்று மடங்குக்கு மேல், .30-06-ஐப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. துப்பாக்கி பின்னால் வரும் வேகம் விநாடிக்கு 5 மீட்டர்.

இது சின்ன உதை இல்லை. ஆனால் கற்றுக்கொள்ளக்கூடிய உதை. .30-06-இல் ஒழுங்காகச் சுடத் தெரிந்தவர் கொஞ்சம் பொறுமையோடு பழகினால், .375-இலும் அதே ஒழுங்கைக் கொண்டுவந்துவிட முடியும். இதற்கு மேலே உள்ள எதைப் பற்றியும் இவ்வளவு தைரியமாகச் சொல்ல மாட்டேன்.

இன்னொரு லாபம், குண்டு போகும் பாதை. இருநூறு மீட்டர் தாண்டியும் இதன் பாதை .30-06-இன் 11.7 கிராம் குண்டை ஒட்டியே போகும். எருமைக்காக எடுத்துப்போன ரைஃபிளிலேயே மறுநாள் குடு மானையோ எலாண்ட் மானையோ சுடலாம். ஒரே ரைஃபிளோடு விமானம் ஏறுகிறவருக்கு இது பெரிய விஷயம். தோட்டாவும் ஆப்பிரிக்காவின் சின்ன ஊர்க் கடையில்கூடக் கிடைக்க வாய்ப்புள்ள ரகம்; பெட்டி தொலைந்துபோன பயணிக்குத்தான் அதன் அருமை தெரியும்.

2007-இல் வந்த .375 ரூகர் இதே வேலையைக் கொஞ்சம் குட்டையான கூட்டில் (வெடிமருந்தை அடைத்திருக்கும் உலோக உறை) செய்கிறது. உதையும் கிட்டத்தட்ட அதேதான். ரைஃபிள் கொஞ்சம் இலேசாக வரும் என்பதால் தோளுக்கு லாபம் எதுவும் இல்லை.

மில்லிமீட்டரில் பெயர் வைத்த 9.3×62-ஐயும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். 1905-இல் ஜெர்மனியில் ஓட்டோ போக் உருவாக்கியது, உதை 43 ஜூல்தான், அருமையான தோட்டா. ஆனால் பல இடங்களில் சட்டத்தின் கீழ்வரம்புக்கு ஒரு மயிரிழை கீழே நிற்கிறது. போகிற நாட்டின் விதியைக் கேட்டுக்கொள்ளாமல் இதை எடுத்துப் போகாதீர்கள்.

.416: ஒரே குண்டு, ஒரே வேகம், இரண்டு உதை

இங்கேதான் விஷயம் சுவையாகிறது. .416 ரிக்பி 1911-இல் வந்தது. 25.9 கிராம் குண்டு, விநாடிக்கு 720 மீட்டர். .416 ரெமிங்டன் மேக்னம் 1980-களின் கடைசியில் வந்தது. அதே குண்டு, அதே வேகம். எருமைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தோளுக்குத் தெரியும்.

ரிக்பியின் கூடு மிகப் பெரியது. அந்தக் காலத்து வெடிமருந்தான கார்டைட், வெப்பம் ஏறினால் அழுத்தம் எகிறும் குணம் கொண்டது. இந்தியாவின், ஆப்பிரிக்காவின் வெயிலில் சூடேறிய தோட்டாவைச் சுடும்போது காலிக்கூடு குழலில் இறுகிக்கொண்டால், அடுத்த தோட்டாவை ஏற்ற முடியாது. எதிரே எருமை நிற்கிறது. அதனால் வேண்டுமென்றே பெரிய கூடு செய்து அழுத்தத்தைக் குறைவாக வைத்தார்கள். விலை என்னவென்றால், அதே வேகத்துக்கு ரிக்பிக்கு ஆறரை கிராம் அளவுக்கு வெடிமருந்து வேண்டும். ரெமிங்டனுக்குச் சுமார் ஐந்தே கால் கிராம் போதும். அந்த ஒன்றேகால் கிராமும் வாயுவாக வெளியே போய் உதையில் சேர்ந்துகொள்கிறது. 4.6 கிலோ ரைஃபிளில் ரிக்பி 78 ஜூல், ரெமிங்டன் 69 ஜூல்.

இன்றைய வெடிமருந்துகளில் வெயில் பயம் பெருமளவு குறைந்துவிட்டதால், கணக்குப் பார்த்து வாங்குகிறவர் ரெமிங்டனைத்தான் எடுக்க வேண்டும். ரிக்பியை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கணக்குப் பார்த்து வாங்குவதில்லை. அழகுக்கும் பெயருக்கும் வாங்குகிறார்கள். அதில் தப்பும் இல்லை, ஒன்பது ஜூல் அதிகம் என்று தெரிந்து வாங்கினால் சரி.

இந்த வகையில் இன்னொன்று .404 ஜெஃப்ரி. பழைய அளவில் ஏற்றினால், 25.9 கிராம் குண்டை விநாடிக்கு 655 மீட்டரில் அனுப்பும், உதை 57 ஜூல்தான். கிட்டத்தட்ட .375-இன் உதையில் .416-இன் எடையுள்ள குண்டு. காலனிக் காலத்து வனவிலங்குத் துறைகள் இதைத் தம் ஆட்களுக்குக் கொடுத்ததில் அர்த்தம் இருக்கிறது. இப்போது விற்கும் தோட்டாக்களில் பல இதைவிட வேகமானவை, அவற்றில் இந்தச் சலுகை கரைந்துபோகும்.

.458 வின்செஸ்டரும் லாட்டும்

1956-இல் வின்செஸ்டர் .458-ஐக் கொண்டுவந்தபோது சொன்னது இதுதான்: ஆங்கிலேய இரட்டைக் குழல் ரைஃபிளின் பலத்தைச் சாதாரண போல்ட் ரைஃபிளின் (கையால் பூட்டை இழுத்துத் தோட்டா ஏற்றுவது) விலைக்குத் தருகிறோம். 32.4 கிராம் குண்டு. கூடு குட்டை என்பதால் வெடிமருந்தை அழுத்தித் திணிக்க வேண்டியிருந்தது. அது நாளடைவில் கட்டிபட்டு ஒழுங்காக எரியாமல், சொன்ன வேகம் வராமல் போன புகார்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தபடி இருந்தன. ஜாக் லாட் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் மொசாம்பிக்கில் ஓர் எருமையிடம் அடிபட்டு உயிர் தப்பினார். பிறகு கூட்டை நீளமாக்கி.458 லாட்டை உருவாக்கினார். அதே குண்டு, விநாடிக்கு 700 மீட்டர்.

உதை? நாலரைக் கிலோ ரைஃபிளில் .458 வின்செஸ்டர் 75 ஜூல், அதாவது .416-களின் அளவுதான். லாட் 90-ஐத் தாண்டும், துப்பாக்கி பின்னால் வரும் வேகம் விநாடிக்கு 6 மீட்டருக்கு மேல். இந்த இடத்தில் துப்பாக்கியே திணற ஆரம்பிக்கிறது. தோளில் வைக்கும் மரக்கட்டை சரியாகப் பொருந்தாவிட்டால் பிளக்கும். ஒவ்வொரு வெடிக்கும் மேகசினில் காத்திருக்கும் தோட்டாக்கள் முன்சுவரில் போய் மோதும். கூட்டின் வாய் இறுக்கமாக மடிக்கப்படாவிட்டால் குண்டு உள்ளே தள்ளப்பட்டுவிடும். கட்டைக்குள் இரண்டு குறுக்கு போல்ட் போட்ட ரைஃபிளாக இல்லாவிட்டால் இந்தக் காலிபரை நான் தொட மாட்டேன்.

லாட்டின் ஒரு நல்ல குணம், .458 வின்செஸ்டர் தோட்டாவை அதிலேயே போட்டுச் சுடலாம். பழக அதை, வேலைக்கு இதை என்று வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

.470: இரட்டைக் குழலின் தனிக் கணக்கு

இதற்கு இந்தியாவோடு ஒரு தொடர்பு இருக்கிறது. இரட்டைக் குழல் நைட்ரோ எக்ஸ்பிரஸ் ரைஃபிள்களில் முதலில் கோலோச்சியது .450. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 காலிபருக்குத் தடை போட்டது. கலகக்காரர்கள் கையில் சிக்கியிருந்த பழைய மார்ட்டினி ஹென்றி ராணுவ ரைஃபிள்களுக்கு அந்தத் தோட்டாவின் குண்டுகள் உதவிவிடும் என்ற பயம். துப்பாக்கி செய்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? .465, .470, .475 என்று தடைக்குள் வராத அளவுகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. அவற்றில் இன்றுவரை தாக்குப்பிடித்து நிற்பது .470.

32.4 கிராம் குண்டு, விநாடிக்கு 655 மீட்டர், ரைஃபிள் ஐந்து கிலோ. உதை 84 ஜூல். .416 ரிக்பியைவிட அதிகம். ஆனால் சுட்டுப் பார்த்தவர்கள் பலர் .470 மென்மையாக இருக்கிறது என்பார்கள். இது வெறும் பெருமைப் பேச்சு இல்லை. ஐந்து கிலோ எடை இருப்பதால் துப்பாக்கி பின்னால் வரும் வேகம் ரிக்பியின் அளவைத் தாண்டுவதில்லை; இரண்டும் விநாடிக்கு 5.8 மீட்டர்தான். ஆளுக்கு ஏற்ப அளந்து செய்த கட்டை என்றால் உதை நேராக உடம்புக்குள் போகும், கன்னத்தில் மோதாது. நெரிசல் பஸ்ஸில் பின்னாலிருப்பவர் தோளால் தள்ளுவதற்கும் கன்னத்தில் பளாரென்று வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

ஓர் ஆபத்து மட்டும் இதற்கே உரியது. இரண்டு குழலுக்கும் இரண்டு விசை. முதல் விசையை இழுத்த விரல், உதையில் நழுவிப் பின்விசையையும் இழுத்துவிட்டால் இரண்டு குழலும் ஏறக்குறைய ஒன்றாக வெடிக்கும். உந்தம் இரண்டு மடங்கு என்றால் ஆற்றல் நான்கு மடங்கு; மூன்று நூறு ஜூலைத் தாண்டும். ஆள் நின்ற இடத்தில் நிற்பது கடினம். முன்பக்கக் கையால் இறுக்கிப் பிடிக்காதவர் இரட்டைக் குழலைத் தொடவே கூடாது. விலையைப் பற்றிப் பேசவில்லை. நல்ல இரட்டைக் குழல் ஒன்றின் விலைக்குப் பல.375-கள் வாங்கலாம்.

எண்ணில் பயமுறுத்துபவை

.460 வெதர்பி, .458 லாட்டின் அதே குண்டை விநாடிக்கு 790 மீட்டரில் விரட்டும். 4.7 கிலோ ரைஃபிளில் 140 ஜூல், துப்பாக்கி வரும் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 7.7 மீட்டர். .600 நைட்ரோ எக்ஸ்பிரஸின் குண்டு 58 கிராம். உதை 120 ஜூல் அளவில். ஆனால் அதன் ரைஃபிள் ஏழு கிலோவுக்கு மேல் என்பதால் பின்னால் வரும் வேகம் .470-ஐப் போலவே இருக்கும். ஜூல் கணக்கை மட்டும் பார்ப்பவர் இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைப்பார். நான் வைக்க மாட்டேன். கட்டாயம் ஒன்றைச் சுட்டாக வேண்டுமென்றால் .600-ஐச் சுடுவேன், வெதர்பியை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எருமைக்கு இரண்டுமே தேவை இல்லை.

உதையைவிட உதைக்குப் பயப்படுவது

.375-இல் குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள் துப்பாக்கி பின்னால் நகர்ந்திருப்பது மூன்று மில்லிமீட்டர் அளவுதான். நன்றாகப் பிடித்திருந்தால் உதை குறியைக் கெடுப்பதில்லை. உதை வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே சுருங்குவதுதான் கெடுக்கிறது. கண் மூடும், தோள் முன்னால் துள்ளும், விசையைச் சுண்டி இழுக்கும். குண்டு எருமையின் நெஞ்சுக்குப் பதில் வயிற்றில் போய் நிற்கும். .458-இல் வயிற்றில் சுட்ட எருமை, .375-இல் நெஞ்சில் சுட்ட எருமையைவிட எத்தனையோ மடங்கு ஆபத்து. பழைய காலத்து யானை வேட்டைக்காரர் டபிள்யூ. டி. எம். பெல் 7 மில்லிமீட்டர் ரைஃபிளால் யானைகளை வீழ்த்தியதைச் சொல்லிச் சிலர் சின்ன காலிபருக்கு வாதாடுவார்கள். அவருக்குக் குறியும் உடற்கூறும் அப்படித் தெரிந்திருந்தது. நமக்குத் தெரியாது.

பயத்தில் பாதி சத்தத்தால் வருகிறது. காதுக்குள் அடைப்பான், அதன்மேல் காதுக்கவசம் என்று இரண்டையும் போட்டுப் பழகினாலே உதை குறைந்ததுபோல இருக்கும். இதனால்தான் மஸில் பிரேக்கை நான் சிபாரிசு செய்வதில்லை. குழல் முனையில் துளை போட்ட அந்தக் குழாய், வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி உதையை மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைக்கும். உண்மைதான். ஆனால் அந்த வெடிச்சத்தம் பக்கத்தில் நிற்கும் வழிகாட்டி வேட்டைக்காரரின் காதிலும் தடம் பார்ப்பவரின் காதிலும்தான் விழும். கழற்றி வைத்தால்தான் கூட்டிப்போவேன் என்று சொல்கிறவர்கள் அங்கே நிறைய. பிரேக்கோடு மட்டுமே சுட முடிகிற காலிபர் உங்களுக்குப் பெரிய காலிபர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்ற வேண்டியது கட்டையை. அடி அகலமாக, நல்ல ரப்பர் பட்டையோடு, உங்கள் கை நீளத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். நம்மில் பலருக்கு ஐரோப்பியக் கட்டை நீளமாகவே இருக்கும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வெட்டிக் குறைக்கத் தயங்க வேண்டாம். ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் இடையே ஒன்பது பத்து சென்டிமீட்டர் விடுங்கள். இல்லையென்றால் புருவத்தின் மேல் பிறை வடிவத்தில் வெட்டு விழும். அந்தத் தழும்போடு திரிகிறவர்களை எந்தத் துப்பாக்கிக் களத்திலும் பார்க்கலாம்.

பழகுவது நின்றுகொண்டுதான். மேஜையில் உட்கார்ந்து சுடும்போது உடம்பு பின்னால் அசைய முடியாது, முழு உதையும் தோளிலேயே இறங்கும். ஸ்கோப்பைச் சரிசெய்ய மட்டும் மேஜை, அதுவும் தோளுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு சின்ன மணல்பையோடு. மற்றதெல்லாம் மூன்று கால் கம்பில் தாங்கி நின்றபடி. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தோட்டா போதும், மீதிப் பயிற்சியை .22-இல் வைத்துக்கொள்ளலாம்.

வாங்குவதற்கு முன்

நண்பர் ஒருவரை, உங்களுக்குத் தெரியாமல் சில முறை நிஜத் தோட்டாவும் சில முறை போலித் தோட்டாவும் ஏற்றித் தரச் சொல்லுங்கள். போலித் தோட்டாவில் விசை இழுக்கும்போது குழல் முனை துள்ளினால், அந்தக் காலிபர் இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை. .375-இல் துள்ளாமல், .416-இல் துள்ளினால், பதில் .375. இரண்டிலும் துள்ளவில்லை என்றால் .416 ரெமிங்டன் எடுக்கலாம், எருமையிடம் கொஞ்சம் கூடுதல் அடி கிடைக்கும். யானைக்கும் சேர்த்துப் போகிறவருக்கு இது நல்ல தேர்வு. .458 லாட், .470 எல்லாம், வாடிக்கையாளர் தவறவிட்ட விலங்கைப் பத்து மீட்டரில் நிறுத்த வேண்டிய வழிகாட்டிக்கு. அவர் உங்கள் பக்கத்தில் அதோடுதான் நிற்பார்.

சொந்தமாக வாங்க மனமில்லாவிட்டால், வேட்டையை ஏற்பாடு செய்பவர்களிடமே வாடகைக்கு .375 கிடைக்கும், துப்பாக்கியோடு விமான நிலையங்களில் படிவம் நிரப்பும் வேலையும் மிச்சம். ஆனால் முதல் நாள் காலை வேட்டைக்குக் கிளம்புமுன் அதில் நான்கைந்து தோட்டா சுட்டுப் பார்த்தே ஆகவேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். இடதுகைக்காரராக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், வாடகை ரைஃபிள்களில் பெரும்பாலானவை வலதுகை போல்ட்தான்.